சவிரி அண்ணையின் சந்தை மணி

ரீற்றா அக்கா அழைத்தபோது நான் ஹம்பேர்க்கில், என் கடையில் முருங்கைக்காய்ப் பெட்டியை உடைத்துக்கொண்டிருந்தேன். "தம்பி, அண்ணை போயிட்டார்" என்றார். கொஞ்சம் அழுதுவிட்டு, "வியாழன் பத்து மணிக்குச் சேர்ச்சிலை பூசை. பத்தெண்டால் பத்துக்கு வாங்கோ. வரேக்கை சமையலுக்கு முருங்கைக்காயும் கொண்டு வாங்கோ" என்றார். சவிரி அண்ணையோடு முப்பது வருடம் குடும்பம் நடத்தியவருக்கு, நேர விஷயத்தில் எவர்மேலும் நம்பிக்கை இருக்காது.

அவரை அறிந்தவர்களுக்கு அந்த மண்டபத்தையும் தெரியும். ஹம்பேர்க்குக்கு அருகே, அவர் இருந்த சிறிய ஊருக்கு நடுவில், சுவரில்லாமல், ஓக் மரத்தூண்களும் ஓட்டுக்கூரையுமாக நிற்கும் இடைக்காலத்துச் சந்தை மண்டபம். மன்னாரிலிருந்து அகதியாக வந்த அண்ணைக்கு அதைக் கூட்டும் வேலை கிடைத்தது. கூட்டியதைவிடப் பேசியதுதான் அதிகம். ஒரு தூணில் அந்தக்காலத் துணி வியாபாரிகளின் அளவுகோலாக ஓர் இரும்புக்கம்பி அறையப்பட்டிருக்கிறது. அதைத் தட்டிக்காட்டி, "இந்த ஊரிலை பொய் சொல்லாத ஆள் இவர் ஒருத்தர்தான்" என்பார். என் கடையில் வாங்கிய எல்லாவற்றையும் அதில் பிடித்துப் பார்ப்பார். சேலை, பாய், ஒருமுறை புடலங்காய். "கட்டையாக் கிடக்கு, தம்பி." நீளம் போதாதாம். புடலங்காய்க்கு என்ன சட்டம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மண்டபத்து மணியின் கயிற்றைப் பூட்டிவைக்கும் பெட்டியின் சாவியும், எங்கள் பேச்சில் திறப்பு, அவரிடம்தான். அங்கே மணியடிக்காமல் விற்கக்கூடாது. விற்க மூன்று பேராவது இல்லாமல் மணியடிக்கவும் கூடாது. ஆண்டுக்கொரு முறையாவது காலை ஒன்பதுக்குள் மணியடித்துச் சந்தை கூடாவிட்டால் ஊரின் சந்தை உரிமை போய்விடும். ஓராண்டு கடைசி நாள் நெருங்கியும் ஒரு வியாபாரியும் வருவதாயில்லை. உரிமை போனால் மண்டபத்தில் கார் நிறுத்தலாம் என்றார் ஊர்த்தலைவி. அண்ணைக்குச் சோறு இறங்கவில்லை. ஹம்பேர்க் தமிழ் வியாபாரிகள் எங்களுக்கெல்லாம் போன் போட்டார். "விடிய ஆறு மணிக்கு நிக்கோணும்!"

ஆறு மணிக்கு எங்கள் நான்கு வான் வண்டிகள் நின்றன. நல்ல மழை. மரக்கறி, மீன், றோல்ஸ் எல்லாம் தயார். திறப்பைத்தான் காணவில்லை. போனும் எடுக்கிறார் இல்லை. எட்டரைக்கு ஆள் ஆடியசைந்து வந்து, எங்களைக் கண்டு திகைத்துப் போனார். "உங்களை எட்டரைக்குப் பிடிக்கத்தானே ஆறெண்டனான்! நீங்கள் எப்பயடா ஜேர்மன்காரர் ஆனனீங்கள்?" நாங்கள் திருப்பிப் பேசியதை ஒரு நினைவஞ்சலியில் எழுத முடியாது. ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்க மணி ஒலித்தது. ஊர்த்தலைவியே ஒரு முருங்கைக்காய் வாங்கி, பச்சையாகக் கடித்துப் பார்த்தார் பாவம். உரிமை தப்பியது.

வியாழக்கிழமை நாங்கள் பத்துக்கே நின்றோம். அண்ணையை ஏற்றிய வண்டி இருபது நிமிடம் பிந்தி வந்தது, ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. பூசை முடிந்து, அடக்கத்துக்குப் போகும் வழியில் மண்டபத்தடியில் வண்டி நின்றபோது, ஒருக்கால் மணியடிக்கலாமா என்று ரீற்றா அக்கா கேட்டார். சந்தையில்லாமல் கூடாது என்றார் ஊர்த்தலைவி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் விறுவிறுவென்று காருக்குப் போய், ஒரு கூடை அப்பிள் எடுத்துவந்து கல்மேடையில் வைத்தார். பேக்கரிக்காரர் ஓடிப்போய்ப் பாண் கொண்டுவந்தார். மூன்றாவதாக நான் முருங்கைக்காய்களை வைத்தேன். "ஒன்பது மணி தாண்டிவிட்டதே" என்றேன். ஊர்த்தலைவி தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டார்.

ரீற்றா அக்காவே மணியை அடித்தார். பிறகு ஒரு முருங்கைக்காயை எடுத்து இரும்புக்கம்பியில் பிடித்துப் பார்த்தார். "கட்டையாக் கிடக்கு, தம்பி" என்று சிரிக்கத் தொடங்கியவர் அப்படியே அழுதார். நானும் அழுதேன்.

திறப்பு இப்போது என்னிடம். அடுத்த சந்தையை நான்தான் திறக்கவேண்டும். நேரத்தை மட்டும் ஒருவருக்கும் சரியாகச் சொல்லமாட்டேன்.