நெருக்கி அடித்த போர்வை

குளிர் என்றால் என்ன என்று தெரியாதவள் நான். குமாரபாளையத்தில் பிறந்து, அதே ஊரில் வாக்கப்பட்டு, காவிரிப் பாலத்தைத் தாண்டிப் பவானிக்குப் போய் வருவதையே பயணம் என்று நினைத்திருந்தேன். மார்கழியில் வாசல் தெளிக்கும்போது விரல் நுனி கொஞ்சம் விறைக்கும். அவ்வளவுதான் எங்கள் ஊர்க் குளிர். அதற்கு மேலும் ஒரு குளிர் உண்டு என்று யாராவது சொன்னால் சிரித்திருப்பேன். சொன்னார்கள், சிரிக்கவும் செய்தேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. என் வீட்டுக்காரருக்கு இழுப்பு. சின்ன வயதிலிருந்தே விசைத்தறிப் பட்டறையில் நின்றவர். சாயங்காலம் வீடு திரும்பும்போது புருவத்தில், காது மடலில், மூக்கு முடியில் எல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். மூச்சு விட்டால் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வரும். ஈரோட்டில் பார்த்த டாக்டர் கோபக்காரர். "மறுபடி பட்டறைக்குப் போறதா இருந்தா எங்கிட்ட வராதீங்க" என்று சொல்லிவிட்டார். வெட்டவெளியில் ஏதாவது வேலை பார்க்கச் சொன்னார். எங்களுக்குக் காடு கிடையாது, தோட்டம் கிடையாது. வெட்டவெளிக்கு நாங்கள் எங்கே போவோம்?

திருச்செங்கோட்டுப் பக்கமிருந்து ரிக் வண்டிகள் வடக்கே போக ஆரம்பித்திருந்த சமயம். ஆழ்துளைக் கிணறு போட மத்தியப் பிரதேசம் வரைக்கும் போவார்கள். தீபாவளி முடிந்து கிளம்பினால் அங்கே மழை தொடங்கும்போதுதான் ஊர் திரும்புவார்கள். பாறையைத் துளைக்கும்போது எழும்புகிற புழுதியைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. காடு, நல்ல காற்று என்பது மட்டும்தான் காதில் விழுந்தது.

ரிக் வண்டி மேனேஜர் வீட்டுக்கு வந்து விவரம் சொன்னார்.

"ஆளுக்கு ஒரு பைதானுங்க. பைப்பு, டீசல் பேரல், அரிசி மூட்டை எல்லாம் ஏத்துனாப் பொறவு மடியில வச்சுக்கற அளவுக்குத்தான் எடமிருக்கும். பாதி நேரம் பையத் தூக்கிட்டு நடக்கோணும். படுக்கறது காட்டுக்குள்ளதானுங்க, கூரை ஒண்ணும் கெடையாது. போர்வை மட்டும் நல்லதாப் பாத்துக் குடுத்து உடுங்க. தை மாசம் அந்தச் சீமையில தண்ணியத் தொட முடியாது."

அவர் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு குடம் தண்ணீரைத் தூக்கி வந்தாலே இவருக்கு மூச்சு வாங்கும். போர்வை கனமாக இருந்தால் தூக்கிச் சுமந்தே இழுப்பு வந்துவிடும். மெலிசாக இருந்தால் பனி நெஞ்சில் இறங்கிவிடும். அவருடைய மூச்சு அந்த ஒரு போர்வையில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அது சரியாகத்தான் தோன்றியது. அதற்குப் பிறகு நான் செய்த ஒவ்வொன்றும் தப்பு.

வீட்டில் கல்யாணத்துக்கு வந்த பவானி ஜமக்காளம் ஒன்று இருந்தது. சுருட்டினால் ஒரு ஆள் உயரம், தோளில் வைத்தால் தோள் இறங்கிவிடும். அதை விரித்துப் பார்த்து மறுபடி சுருட்டி வைத்தேன். பழைய சேலைகளை அடுக்கித் தைத்தது ஒன்றிருந்தது. நனைந்தால் காய நாலு நாள் ஆகும், வேண்டாம். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு சோலாப்பூர் போர்வையை வாங்கிப் பையில் திணித்துப் பார்த்தோம். வேட்டி சட்டைக்கு இடமில்லாமல் போனது.

பிறகு சந்தைக்குப் போனோம். ஆடு மேய்க்கிற வீட்டுப் பெண் ஒருத்தி கறுப்புக் கம்பளிகளைப் போட்டு விற்றுக்கொண்டிருந்தாள். அவர் ஒன்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். நான் அதன் முனையைப் பிடித்துக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தேன். எங்கள் ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும், எந்தத் துணியைப் பார்த்தாலும் கை தானாக அப்படிப் போகும். முனையைத் தேய்ப்போம், பிறகு வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்போம். இழைகளுக்கு நடுவே கண் தெரியாமல் நெருக்கமாக இருந்தால் நல்ல துணி. அந்தக் கம்பளியைத் தூக்கிப் பிடித்தபோது அதற்குள் வானமே தெரிந்தது.

"இது போர்வையா சல்லடையா?" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. "உங்க நூலுத் துணி பனியில நனைஞ்சா ஒடம்போட ஒட்டிக்குமுங்க அம்மிணி. இது நனைஞ்சாலும் சூடு உடாது" என்றாள்.

"கதகதப்பாத்தான் இருக்குது புள்ள. கனமும் அத்தனை இல்ல" என்றார் இவர்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்தது என்று தெரியவில்லை. "தறிக்காரன் ஊட்டுலயிருந்து போறவரு கம்பளியப் போத்திட்டுப் போனா ஊரே சிரிக்குமுங்க. அந்த ரோமம் மூக்குல ஏறுனா உங்களுக்கு அன்னைக்கே இழுப்பு வந்துரும்" என்று நாலு பேர் கேட்கச் சொன்னேன். அவர் கம்பளியைத் தோளிலிருந்து எடுத்து, மடித்து, அவள் முன்னால் வைத்தார். அவர் மடித்த விதம் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. அவருக்கு அது பிடித்திருந்தது.

எங்கள் வீட்டுக் கைத்தறியில் நானே நெய்தேன். மெலிதான பருத்தி நூல், நல்ல மிருதுவானது. குறுக்கே ஊடை நூலைப் போட்டு ஒவ்வொரு தடவையும் ஓங்கி ஓங்கி நெருக்கி அடித்தேன். காற்று புக இடமில்லாமல் அடித்துவிட்டால் குளிர் எப்படி உள்ளே வரும்? இதுதான் என் கணக்கு. காற்றைப் பிடித்து வைத்துக்கொண்டுதான் கம்பளி சூடு தருகிறது என்பது தறிக்காரிக்குத் தெரிய வேண்டிய பாடம் இல்லை போலிருக்கிறது. இருபது வருடம் நூலோடு கிடந்தவளுக்கு ஆடு மேய்க்கிறவளுக்குத் தெரிந்தது தெரியவில்லை.

தறியிலிருந்து அறுத்த அன்றைக்குத் தெருவே வந்து முனையைத் தேய்த்துப் பார்த்தது. வெளிச்சத்துக்குப் பிடித்தார்கள். ஒரு கண்கூடத் தெரியவில்லை. "தண்ணி ஊத்துனாக்கூட நிக்கும் போல இருக்குதே" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வாசல் திண்ணையில் இரண்டு நாள் போர்த்திப் படுக்கச் சொல்லிச் சோதித்தும் பார்த்தேன். வேர்க்குது என்று இவர் காலால் தள்ளினார். அந்தக் கர்வத்தில் இன்னும் ஒரு காரியம் செய்தேன். இவ்வளவு நீளம் எதற்கு, இன்னும் கனம் குறையட்டும் என்று ஒரு முழம் வெட்டி எடுத்துவிட்டேன். "பரவால்ல, காலை மடக்கிக்கறேன்" என்று சிரித்தார். மடித்தால் ஒரு சோற்றுப் பானை அளவுதான் இருந்தது. பையில் வைத்த பிறகும் இடம் மிச்சமிருந்தது.

கார்த்திகையில் கிளம்பிப் போனார். மாதம் ஒரு கடிதம் வரும். எல்லாக் கடிதத்திலும் போர்வையைப் பற்றி ஒரு வரி இருக்கும். கனமே தெரியவில்லை, கூட இருக்கிறவர்கள் எங்கே வாங்கியது என்று கேட்கிறார்கள், நன்றாகத் தூங்குகிறேன் என்று எழுதுவார். நான் அந்த வரியை மட்டும் பக்கத்து வீட்டில் வாசித்துக் காட்டுவேன். வெட்கம் கெட்டவள்.

மாசி மாதம், மழைக்கு இன்னும் எத்தனையோ நாள் இருக்கும்போதே, கூட வேலை செய்த ஒருவர் இவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். நான் அடையாளம் தெரியாமல் நின்றேன். உதடு நீலம் பாய்ந்திருந்தது. இரண்டு படி ஏறுவதற்கு மூன்று முறை நின்றார். உள்ளே படுக்க வைத்துவிட்டு வந்து, அந்த மனிதருக்குக் காப்பி கொடுத்தபடி என்ன நடந்தது என்று கேட்டேன். அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கம்ப்ரசர் வண்டியோட ஒட்டிப் படுத்துக்குவாருங்கக்கா. நிறுத்துனாப் பொறவும் இஞ்சின் சூடு கொஞ்ச நேரம் இருக்குமில்லீங்க. சில நாள் வேலை ஓடறப்பவே அங்கதான் கெடப்பாரு. பொகையும் கல்லுப் புழுதியும் மூஞ்சியிலதான் அடிக்கும். நாங்க தள்ளி வாங்கன்னு கூப்புடுவோமுங்க. எங்களுக்குக் கம்பளி இருந்துச்சு, அவரால தள்ளிப் படுக்க முடியல."

"போர்வை?" என்றேன்.

"அது பனியில நனைஞ்சு ஈரமாத்தானுங்க இருக்கும் எப்பவும். நா என்னோட கம்பளியப் பாதி எடுத்துப் போத்திக்கச் சொன்னேன். வேண்டாம்னுட்டாரு. ஊட்டுல சங்கடப்படுவாங்கன்னாரு."

அவர் போனதும் நான் இவரிடம் போய்ச் சண்டை போட்டேன். செத்துக்கொண்டு வந்திருக்கிற மனிதனிடம், எதற்குப் பொய்யாய் எழுதினீர்கள் என்று கத்தினேன். ஒரு கம்பளி வாங்கிக்கொள்ள அங்கே சந்தையே இல்லையா என்று கத்தினேன். அவருக்குப் பதில் சொல்ல மூச்சு இல்லை. கையை மட்டும் ஆட்டினார். கொஞ்சம் ஆசுவாசப்பட்ட பிறகு, "நீ எத்தன நாளு ஒக்காந்து நெய்ஞ்ச, புள்ள" என்றார். என்னை இரண்டு அறை அறைந்திருக்கலாம். அதை நான் தாங்கியிருப்பேன்.

நெஞ்சு எப்போதோ கெட்டுவிட்டது, பட்டறைப் பஞ்சு பாதி, பாறைப் புழுதி பாதி என்று டாக்டர் சொன்னார். போர்வையை அவர் சொல்லவில்லை. அவருக்கு அது தெரியாது. நானும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை, சொன்னால் அதெல்லாம் ஒன்றுமில்லை அம்மா என்று ஆறுதல் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். எனக்கு அந்த ஆறுதல் வேண்டியிருக்கவில்லை, இன்றைக்கும் வேண்டாம்.

அந்த வருடம் தீபாவளி முடிந்ததும் மறுபடி போகிறேன் என்றார். மேனேஜரும் சமையல் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். வேறு வழியும் இல்லை. நான் சந்தைக்கு ஓடினேன். அந்தப் பெண்ணைக் காணோம். வேறொருவரிடம் தேய்த்துப் பார்க்காமல், தூக்கிப் பிடிக்காமல், கறுப்புக் கம்பளி ஒன்று வாங்கி வந்து பையில் வைத்துக் கட்டினேன். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படி இறங்கினார். தெரு முனை வரைக்கும் போகவில்லை. மூன்றாவது வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். நான் ஓடிப்போய்ப் பையை வாங்கிக்கொண்டேன். எனக்கு அது ஒரு கனமாகவே தெரியவில்லை. திரும்பி வந்து பையைப் பிரித்தோம். போவதைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

அடுத்த சித்திரை வரைக்கும் இருந்தார். படுக்க முடியாது. சுவரோரம் தலையணைகளை அடுக்கி உட்கார்ந்தபடியேதான் பகலும் இரவும். கடைசி நாள் மத்தியானம், வெயில் கொளுத்துகிறது, ஓடு காய்ந்து உள்ளே அனலாக இறங்குகிறது. அந்த வேக்காட்டில் அவர் கைகால் ஜில்லென்று இருந்தது. என்ன செய்வது என்று தெரியாமல் கையில் கிடைத்த ஈரிழைத் துண்டை எடுத்து நெஞ்சு வரைக்கும் போர்த்திவிட்டேன். எங்கள் ஊரில் நெய்கிற துணியிலேயே அதுதான் மெலிசானது. அவர் விரலால் அதைத் தள்ளப் பார்த்தார். முடியவில்லை. என்னைப் பார்த்தார்.

"பாரமா இருக்குது புள்ள" என்றார்.

நான் துண்டை எடுத்துவிட்டேன்.