பாதிப் படக்காரி

ரயில் ஜன்னல் கண்ணாடியை இரண்டு கையாலும் கீழே இறக்கிவிட்டுத் தலையை வெளியே நீட்டி நிற்கிறார் ஊர்சினா. கம்பளித் தொப்பி காதுவரை இறங்கியிருக்கிறது. குளிரில் மூக்கு ஒழுகுகிறது, துடைப்பதில்லை. பாலம் வரப்போகிறது. பாலம் தாண்டும்வரை யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார், டிக்கெட் பரிசோதகர் கூப்பிட்டாலும் அப்படித்தான். அந்த மனிதரும் பழகிப்போய், அவருடைய முதுகுக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்கு நகர்ந்துவிடுகிறார்.

"அம்மா, குளிருது. கொஞ்சம் மூடிக்கலாமா?" என்று கேட்டாள் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு வெளியூர்ப் பெண்.

"குளிருதுன்னா முன்னாடி கண்ணாடி வண்டிக்குப் போங்க. ஜன்னல் திறக்காது. காபி கொண்டாந்து குடுப்பான். மலையெல்லாம் டிவியில வர்ற மாதிரி வரும்."

அந்தப் பெண் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். நான் சிரிப்பை அடக்க முடியாமல் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன். வியாழக்கிழமைகளில் மேலே ஓட்டல் வேலையை முடித்துவிட்டு நானும் இதே ரயிலில்தான் இறங்குகிறேன். எங்கள் சிவப்பு ரயிலைப் பார்க்க உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். வந்து, ஏறின இடத்திலிருந்து இறங்குகிற இடம்வரை போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே போகிறார்கள். ஊர்சினாவிடம் போனும் இல்லை, கேமராவும் இல்லை. ரயில் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். "வர்றதைப் பாத்து என்ன பண்ணப் போறேன்? வந்துதான் தீரும். போறதைப் பாக்கணும்" என்பார். எங்கள் பாதை மலைக்குள்ளேயே வளைந்து வளைந்து இறங்குவதால், ஒரே தேவாலயம் மூன்று உயரத்தில் மூன்று முறை வரும். மூன்று முறையும் அதை முதல்தடவை பார்ப்பவர்போலப் பார்ப்பார்.

மேலூர்த் தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒல்லி உடம்பு, பெரிய கைகள். கோட்டுப் பையில் எப்போதும் வாதுமைக் கேக் ஒரு துண்டு காகிதத்தில் சுற்றி இருக்கும். யாருக்கும் கொடுக்க மாட்டார். "வேணும்னா வாங்கிக்க, கடை திறந்துதான் இருக்கு" என்பார், நாம் கேட்காமலேயே.

ரயில் இறங்குகிற கீழூரில்தான் எங்கள் தியேட்டர் இருக்கிறது. ஒரு காலத்தில் ஓட்டல் நடனக்கூடமாக இருந்த இடம். மரத்தரை, சுவரெல்லாம் பாதரசம் போன கண்ணாடி, மூடிப்போன பல தியேட்டர்களிலிருந்து பொறுக்கி வந்த நாற்காலிகள். முதலாளி கிடையாது. ஊர்க்காரர்கள் சங்கம் வைத்து நடத்துகிறோம். டிக்கெட் கிழிப்பதும் காபி ஊற்றுவதும் நான். பெரிய கம்பெனிப் படமெல்லாம் இங்கே வராது. எங்கேயோ ஒரு மூலையில் யாரோ கடன் வாங்கி எடுத்த படம்தான் வரும். ஊர்சினாவுக்கு அதுதான் வேண்டும். ஒரு முறை மாநிலத் தலைநகரில் புது தியேட்டருக்குப் போய்விட்டு வந்து, "நாற்காலி என்னை முழுங்கப் பாத்துச்சு. படத்தில யாராவது ஒரு நிமிஷம் சும்மா இருந்தாங்களான்னு கேளு. எல்லாரும் என்னமோ அவசரமா ரயிலைப் பிடிக்கப் போற மாதிரி" என்றார். மலையை வைத்து எடுத்த படங்களும் அவருக்கு ஆகாது. "மலையில நின்னு பாடுறவன் எவனும் மாடு கட்டினதில்லை."

ரயிலும் சினிமாவும் ஒன்றுதான், இரண்டிலும் ஒரு சதுரச் சட்டத்துக்குள் காட்சி ஓடுகிறது என்று எங்கள் சங்கத் துண்டுப் பிரசுரத்தில் ஒரு ஆசிரியர் எழுதியிருந்தார். ஊர்சினா அதைப் படித்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுன்னு சொல்றவன் ரெண்டுலயும் தூங்குறவன்" என்றார்.

இவ்வளவு பேசுகிறவர் ஒரு படத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. எங்கள் சுவிஸ் நாட்டில் படத்தை நடுவில் நிறுத்தி இடைவேளை விடுவது பழக்கம். விளக்கு எரிந்ததும் எல்லாரும் காபிக்கு வருவார்கள். ஊர்சினா தொப்பியைப் போட்டுக்கொண்டு நிலையத்துக்கு நடப்பார். மேலூருக்குக் கடைசி ரயில் அப்போதுதான். இடைவேளைக்குப் பிறகு அவருடைய நாற்காலி காலியாகத்தான் இருக்கும். ஊரில் அவருக்குப் 'பாதிப் படக்காரி' என்று பெயர். சிக்கனம் பிடித்தவள், பாதிப் படத்துக்குப் பாதிக் காசு கேட்டிருப்பாள் என்றுகூடச் சிரிப்பார்கள். அவர் முழுக் காசுதான் கொடுத்தார்.

காரணம் எனக்குத் தெரியும். மேலூரில் அவருடைய புருஷன் துமாஷ் ஒரு பக்கம் விழுந்துபோய்ப் படுக்கையில் கிடக்கிறார். ரயில் பாதையில் பனி அள்ளும் வேலையில் இருந்தவர். வேலையில் இருந்த காலமெல்லாம், "ரயில்ல ஊர் சுத்துறவன் வேலையத்தவன்" என்று சொல்லி, பெண்டாட்டியை ஒரு ஊருக்கும் கூட்டிப்போகாத புண்ணியவான். இப்போது வாய் மட்டும் விழவில்லை. காலையில் நகராட்சி நர்ஸ் வந்து குளிப்பாட்டிவிட்டுப் போகிறாள். மற்ற நேரமெல்லாம் ஊர்சினாதான். வியாழன் மாலை மட்டும் பக்கத்து வீட்டு பார்லா வந்து உட்காருவாள். அவளும் விடியுமுன் ரொட்டிக்கடைக்கு வேலைக்குப் போகிறவள். கடைசி ரயில் வரும்வரைதான் இருப்பாள். வாரத்தில் அந்த ஒரு மாலைதான் ஊர்சினாவுக்கு. இரண்டு பக்கம் ரயில், நடுவில் பாதிப் படம்.

"முடிவு தெரிய வேண்டாமா உங்களுக்கு? நான் வேணா அடுத்த வாரம் சொல்றேனே" என்று ஒரு முறை கேட்டேன்.

"முடிவு எனக்கு எதுக்குடி? அதைத்தான் வீட்டுல தினமும் பாக்கறேனே."

ஆனால் துமாஷுக்கு முடிவு வேண்டும். ராத்திரி வந்ததும் கதை கேட்பாராம். ஊர்சினா பாதியைச் சொல்லிவிட்டு, மீதியைச் சொந்தமாக அடித்துவிடுவாராம். இதெல்லாம் பார்லா சொல்லித் தெரிந்தது. அன்றைக்கு துமாஷ் கஞ்சியைத் தள்ளிவிட்டிருந்தால் படத்தில் ஒருவர்கூட மிச்சமில்லாமல் எல்லாரும் சாவார்களாம். ஜார்ஜியா நாட்டுப் படம் ஒன்று வந்தது. ஒரு விதவை தன் வீட்டுக் கூரையைத் தானே பிரிக்கிறாள். பாதிக் கூரை பிரிந்திருக்கும்போது இடைவேளை. துமாஷுக்கு என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "மழை பெஞ்சுதுன்னு சொன்னேன். படுக்கையில இருந்தவன் நனைஞ்சு போனான்னு சொன்னேன். அன்னிக்குத்தான் வாயை மூடிக்கிட்டுத் தூங்கினார்."

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் செவரின் வந்து சேர்ந்தார். சூரிச்சில் திரைப்பட விழாக்களில் வேலை பார்த்தவர். எங்கள் ஊரில் பழைய வீடு ஒன்றை வாங்கி, சங்கத்தில் சேர்ந்து, நாங்கள் கண் மூடித் திறப்பதற்குள் தலைவராகிவிட்டார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். நாற்காலி தூக்கிப் போடுவார், கழிவறை கழுவுவார், எல்லாரிடமும் குனிந்து பேசுவார். அதனாலேயே எனக்கு அவரைத் திட்ட வாய் வரவில்லை, அதனாலேயே எரிச்சல்.

சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் அவர் எழுந்து, இனி இடைவேளை வேண்டாம் என்றார். "ஒருத்தன் மூணு வருஷம் உக்காந்து ஒரு படத்தை எடுக்கறான். நாம அதைக் கத்தியால ரெண்டா வெட்டி, நடுவுல காபி விக்கறோம். இது நியாயமா?"

பலர் தலையாட்டினார்கள். நான் விடவில்லை. "காபி வித்துத்தான் ஹீட்டர் ஓடுது!" என்றேன்.

"லதீனா, கலை முக்கியமா காபி முக்கியமா?" என்றார் சிரித்துக்கொண்டே. எல்லாரும் சிரித்தார்கள்.

உண்மைக் காரணத்தைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். பக்கத்தில் இருந்த ஊர்சினா மேஜைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளினார். கடிதம் பிரித்த கை; இரத்தம் கட்டிப் போயிற்று. "வேற யாருக்காவது இடைவேளை வேணும்னு காரணம் இருக்கா?" என்று செவரின் சுற்றிப் பார்த்தார். உண்மையாகவே கேட்டார், கேட்டுவிட்டுக் காத்திருந்தார். ஊர்சினா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் செவரின். என் பக்கத்தில் அந்தப் பெரிய கை, சந்தேகமே இல்லாமல், நேராக மேலே போயிற்று.

கூடுதலாக லீவு வேண்டுமா என்று நாட்டையே கேட்டபோது வேண்டாம் என்று ஓட்டுப் போட்ட ஜனங்கள் நாங்கள். எனக்கு இது புதிதில்லை. ஆனாலும் கூட்டம் முடிந்து பார்லிச் சூப்புக்கு வரிசையில் நின்றபோது பொறுக்கவில்லை.

"உங்களுக்கு என்ன புத்தி கெட்டுப் போச்சா? இருக்கறது ஒரே ஒரு சாயங்காலம். அதையும் நீங்களே கை தூக்கிக் குடுத்துட்டீங்களே!"

"அவர் சொன்னது சரிதானே. படத்தை வெட்டுறது தப்பு."

"உங்களுக்கு வேணுமே?"

"எனக்கு வசதின்னு தப்புக்குக் கை தூக்கச் சொல்றியா? நல்லா இருக்கே உன் நியாயம்."

"வாயைத் திறந்து வீட்டு நிலைமையைச் சொல்லியிருந்தா அவரே வேண்டாம்னு விட்டிருப்பார்."

ஊர்சினா சூப்புக் கிண்ணத்தை மேஜையில் வைத்தார். "புருஷன் படுக்கையிலேயே வெளிக்குப் போறதைச் சபையில சொல்லி, அதுக்காக நான் இடைவேளை வாங்கணுமா?" என்றார். குரல் உயரவில்லை. அவர் கை தூக்காவிட்டாலும் தீர்மானம் நிறைவேறியிருக்கும். அவ்வளவு பேர் தூக்கினார்கள். அந்த ஒரு கை ஒன்றையும் மாற்றவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். "பனியில, அந்த வளைவுலயா? எதிர்ல வந்த என்னையே கண்ணாடி போட்டும் அடையாளம் தெரியாமப் போனவ நீ" என்று மறுத்துவிட்டார். ஞாயிறு மத்தியானம் ஒரு காட்சி இருக்கிறது, ஆனால் குழந்தைகள் படம். அன்று பார்லாவும் மகள் வீட்டுக்குப் போய்விடுவாள்.

இடைவேளை இல்லாத முதல் வியாழனன்று கதவை ஒட்டிய ஓரத்து நாற்காலியில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தார். ரயில் நேரம் நெருங்கியதும் எழுந்தார். நடனக்கூடத்து மரத்தரை சும்மா இருக்குமா? ஒவ்வொரு அடிக்கும் கத்தியது. திரையில் யாரோ ஒரு கிழவன் வசனமே இல்லாமல் ஷூ துடைத்துக்கொண்டிருந்தான். கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "உஷ்" என்றது ஒரு குரல்.

அடுத்த வாரம் செவரின் அவரிடம் வந்து, மிகவும் கனிவாக, "படம் பிடிக்கலைன்னா பரவாயில்லைம்மா. அடுத்த வாட்டி கதை என்னன்னு முன்னாடியே எங்கிட்டக் கேட்டுக்கங்க. நடுவுல எழுந்தா மத்தவங்களுக்குக் கஷ்டமா இருக்கு பாருங்க" என்றார்.

"மன்னிக்கணும். இனிமே நடக்காது" என்றார் ஊர்சினா. ரயிலில் ஜன்னலை மூடச் சொன்னவளுக்கு அப்படி பதில் சொன்ன வாய்! நான் காபி இயந்திரத்தைத் தேவையில்லாமல் ஓட விட்டேன், எனக்கு வந்த கெட்ட வார்த்தை யார் காதிலும் விழக்கூடாதென்று.

இனிமே நடக்காது என்றால் நடக்காது. ஆனாலும் வியாழக்கிழமை வருகிறார். பாலத்தில் தலையை நீட்டுகிறார், தேவாலயத்தை மூன்று முறை பார்க்கிறார், முழு டிக்கெட் வாங்குகிறார். நான் வேண்டாமென்றால், "சங்கத்துக்குக் காசு வேணும்னு நீதானே கத்தினே" என்கிறார். கிழித்துத் தந்த டிக்கெட்டோடு காபி மேஜையருகே கோட்டுடன் உட்காருகிறார். எல்லாரும் உள்ளே போகிறார்கள். அவர் போவதில்லை. ரயில் நேரம் வரை அங்கேயே இருந்து, கேக்கைத் தின்றுவிட்டு, ஒரு காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார். கொஞ்ச நேரமாவது உள்ளே உட்காருங்கள் என்றால், "உக்காந்தா எழுந்திருக்கணும்" என்கிறார். துமாஷுக்கு இப்போது முழுக்கதையும் இவர் சொந்தமாகத்தான் சொல்கிறாராம். கதையெல்லாம் முன்னைவிட நன்றாக இருப்பதாகக் கிழவர் பார்லாவிடம் சொன்னாராம். அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வியாழன் பனி கொட்டியது. கூடத்தில் நல்ல கூட்டம். உள்ளே படம் ஆரம்பித்து, ஒரு பெண் ஏதோ தெரியாத மொழியில் மெல்லப் பாடுவது சுவர் வழியாகக் கசிந்தது. ஊர்சினா கேக்கைப் பிரிக்காமல் காது கொடுத்து இருந்தார். மனசு கேட்கவில்லை எனக்கு. ஒன்றும் சொல்லாமல் போய்க் கூடத்துக் கதவை ஒரு சாண் திறந்து வைத்துவிட்டு வந்தேன். பாட்டு தெளிவாக வெளியே வந்தது. அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து திரையில் ஒரு ஓரம்கூடத் தெரிந்தது. நீலமாக ஏதோ தண்ணீர்.

அவர் அதைப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கத்து விளக்கு வெளிச்சம் உள்ளே கடைசி வரிசைக்காரர்களின் தோளில் விழுந்துகிடப்பதைப் பார்த்தார். எழுந்து போய், கைப்பிடியை ஒரு கையாலும் விளிம்பை மறுகையாலும் பிடித்து, சத்தமே வராமல் கதவைச் சாத்தினார்.