ஃபிரிட்ஜ் எலுமிச்சம்பழமும் என் மோதிர விரலும்

புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். போன வருடம் என் வலது மோதிர விரலின் நகத்தடியில் வலி தொடங்கியது. வீக்கமும் இல்லை, சீழும் இல்லை. நகத்துக்குள் லேசாக நீலம் மட்டும் தெரிந்தது.

"நகச்சுத்துதான் இது" என்றார் என் கணவர். ஃபிரிட்ஜிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து, துளை போட்டு, என் விரலில் செருகினார். உயிர் போவதுபோல் அலறினேன்.

"வலிச்சாதான் பழம் வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றார்.

நானும் நம்பி தினம் ஒரு பழம் செருகிக்கொண்டேன். ஒரு மாதமாகியும் வலி குறையவில்லை.

கடைசியில் தோல் டாக்டரிடம் போனோம். அவர் நகத்தின்மேல் ஐஸ் கட்டியை வைத்ததுமே துடித்துவிட்டேன்.

"இது நகச்சுத்து இல்லம்மா. சூடு, குளிருக்குத் தகுந்த மாதிரி ரத்த ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கிற செல்லுங்க விரல் நுனியில இருக்கு. அதுங்க அளவுக்கு மீறிப் பெருகி, சின்ன கட்டியாயிடுச்சு. அபூர்வமா வரும். ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்" என்றார்.

"ஏன் பெருகுச்சு டாக்டர்? நாள் பூரா டைப் அடிக்கிறதாலயா?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. ஏன்னு எங்களுக்கே சரியா தெரியல."

கட்டியை எடுத்தார்கள். புற்று இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. வலி போய்விட்டது, குழப்பம்தான் போகவில்லை. குளிரைச் சமாளிக்க இருக்கும் செல்களே குளிர் பட்டதும் நம்மைத் துடிக்க வைக்குமா?

இப்போது வீட்டில் யாருக்கு எங்கே வலித்தாலும், "எது பட்டா வலிக்குது?" என்றுதான் முதலில் கேட்கிறேன். அந்த ஒரு மாதமும் என்னிடம் அதை யாரும் கேட்கவில்லை. வலித்தது பழத்தினாலா, அதன் குளிர்ச்சியினாலா என்று, விரலுக்குச் சொந்தக்காரியான நானும் யோசிக்கவில்லை.