ஊரிலிருந்து வராத ஆட்டுக்கல்

அப்பாவுக்குத் தோசை சுடத் தெரிந்த அளவுக்கு வாயை அடக்கத் தெரியாது. கோபத்தோடுதான் எழுதுகிறேன். அந்த வாயால்தான் எங்கள் கடை வளர்ந்தது. அந்த வாயால்தான் நாங்கள் மாட்டிக்கொண்டோம்.

பத்து வயதில் சித்தப்பா ஒருவரோடு திருச்சிப் பக்கத்திலிருந்து இலங்கைக்கு வந்தவர் அவர். அதற்குப் பிறகு ஒரு தடவைகூடத் திரும்பிப் போகவில்லை. றொசல்லவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருபது வருஷம் வேலை செய்தார். மேற்பார்க்கிற கண்டாக்கையாவோடு ஒரு நாள் சண்டை முற்றியது. தோட்டத்து லய வீட்டைக் காலி செய்துகொண்டு கினிகத்தேனைக்கு வந்து, பஸ் நிற்கிற இடத்தில் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்கு எடுத்தார். அப்போது எனக்கு ஆறு வயது. அம்மா மாவாட்டுவார், அப்பா தோசை சுடுவார். கொஞ்ச காலத்தில் ஆட்டுக்கல் என் கைக்கு வந்தது.

அந்தக் கல்லைக் கொத்திக் கொடுத்தவர் நோட்டன் பிரிட்ஜில் இருந்த ஒரு சிங்களக் கல்தச்சர். பாஸ் என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள். அணைக்கட்டு வேலைக்கு உடைத்த பாறையில் மிஞ்சிய துண்டு அது. குழவியின் தலையில், மரக்கைப்பிடி செருகிய இடத்துக்குப் பக்கத்தில், வெற்றிலை மாதிரி ஒரு சின்ன அடையாளம் வெட்டியிருந்தார். தினமும் என் உள்ளங்கையில் உரசியதால் கண்ணை மூடிக்கொண்டும் அதைத் தடவிக் காட்டுவேன்.

ஆனால் தோசை நன்றாக இருக்கிறதென்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அப்பா ஆரம்பித்துவிடுவார்.

“எல்லாம் கல்லு செய்யிற வேலைங்க. எங்க ஊருக் கல்லு, கப்பல்ல கொண்டாந்தேன். வருசா வருசம் ஊருக்குப் போறப்ப உளுந்தும் மொளகாயும் நானே பாத்து வாங்கியாறேன்.”

உளுந்து பக்கத்துக் கடையில் வாங்கியது. அம்மா அடுப்படியில் தலையில் அடித்துக்கொள்வார். ஆனாலும் தோட்டத்துச் சனங்கள் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே இன்னும் இரண்டு தோசை கேட்பார்கள். அவர்களில் பாதிப்பேர் அந்த ஊரைக் கண்ணால் பார்த்ததில்லை. பொய் என்று தெரிந்தவர்களும் சிரித்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

ஒரு மழை நாளில் யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர் ஒருவர் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். மூன்று தோசை சாப்பிட்டார். அப்பா வழக்கம்போல அளந்துவிட்டார். “கல்லின்ர ருசி தெரியுது” என்று சொல்லி அந்த மனுஷர் நாலாவதையும் வாங்கிச் சாப்பிட்டார். அப்பாவுக்கு அன்று முழுவதும் கால் தரையில் பாவவில்லை.

அந்த வருஷங்களில் இந்தியாவிலிருந்து வந்த எங்கள் சனங்களுக்குக் குடியுரிமை இல்லாமல் போயிருந்தது. இங்கேயே விடாமல் இருந்தோம், இனியும் இங்கேதான் இருப்போம் என்று காட்டி மனுப்போட வேண்டும். அப்பாவும் எங்கள் எல்லோருக்குமாகப் போட்டிருந்தார். அது கிடைக்காவிட்டால் கடையும் நாங்களும் எந்த நேரமும் கிளப்பப்படலாம் என்ற பயம் வீட்டில் எப்போதும் இருந்தது.

விசாரணைக்குப் போனோம். மேசைக்குப் பின்னால் இருந்தவர் அந்த நாலு தோசைக்காரர்.

“ஊருக்குப் போய்வந்தது உண்டோ?”

“ஒரு தடவகூட இல்லைங்க ஐயா.”

“கல்லு கப்பலில வந்தது, வருஷா வருஷம் போய் வாறனான் எண்டு நீர்தானே எனக்குச் சொன்னனீர்?”

அப்பாவுக்கு வேர்த்துவிட்டது. அது சும்மா யாவாரப் பேச்சு என்றார். அப்படியென்றால் சாட்சி கொண்டு வாரும் என்று அடுத்த கிழமைக்குத் தள்ளிவைத்தார் அவர். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் அப்பாவோடு பேசவில்லை. குழவியில் இருக்கும் அடையாளத்தைப் பற்றி அம்மாவிடம்தான் சொன்னேன்.

அடுத்த கிழமை குழவியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினோம். பாஸ் வெள்ளைச் சாரம் கட்டிக்கொண்டு எங்களோடு வந்தார். மேசைமேல் குழவியை வைத்து அடையாளத்தைக் காட்டினார். தான் கொத்தியதுதான், இந்த நாட்டுப் பாறைதான் என்று சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார். உத்தியோகத்தர் எழுதிக்கொண்டார். எங்களுக்கு உயிர் வந்தது.

அதற்குப் பிறகு அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“கல்லு இங்கத்தைக் கல்லுதான், சரி. கடைக்கு ஒரு பொய் சொன்ன மனிசன், இந்தப் பேப்பருக்கு இன்னொண்டு சொல்லமாட்டீர் எண்டு நான் என்னெண்டு நம்புறது?”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அழுகை வந்தது. ஒரு கிழமையாக வைத்திருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அம்மாதான் பேசினார்.

“ஐயா, நீங்களும் அந்தக் கல்லுல அரச்சதத்தான் சாப்பிட்டீங்க. கல்லோட ருசி தெரியுதுன்னு சொன்னீங்களே, அது எந்த நாட்டு ருசிங்க?”

அவர் அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். முடிவு தபாலில் வருமென்று சொல்லி எங்களை அனுப்பிவிட்டார்.

மூன்று மாதம் அப்பா கடையில் வாயே திறக்கவில்லை. கல்லைப் பற்றிக் கேட்டவர்களிடம், “நோட்டன் பிரிட்ஜ் கல்லுங்க” என்று மட்டும் சொன்னார். ஆச்சரியம், தோசை முன்போலவே விற்றது. அத்தனை வருஷம் அந்தப் பொய் தேவைப்பட்டதே இல்லை என்று நினைக்க எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் தோசைக்கு வந்த, தபாற்கந்தோரில் வேலை செய்த ஐயா ஒருவர் வாசித்துத் தமிழில் சொன்னார். ஆட்டுக்கல் இந்த நாட்டில் செய்யப்பட்டதென்பது ஏற்றுக்கொள்ளப்படுகிறது. மனுதாரரின் வாய்மொழியை நம்ப இடமில்லாததால் அவருடைய மனு நிராகரிக்கப்படுகிறது.

அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா கடிதத்தை வாங்கி, மடித்து, சட்டைப் பையில் வைத்தார். பிறகு மாவாட்டிக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து குந்தி, குழவியின் தலையைத் தடவினார்.

“போகுது விடு புள்ள,” என்றார். “கல்லுக்காவது குடுத்துட்டாங்களே.”