'எழுதிக் கேப்போம்' டீச்சர்

இரண்டு கார்பன் தாள்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இன்னும் நாலு கடிதத்துக்குத் தாங்கும் என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, மூன்று வெள்ளைத் தாள்களுக்கு நடுவே செருகுவார் சுந்தரவல்லி டீச்சர். ஓரம் சரியாக நிற்க மேஜைமேல் இரண்டு தட்டு. பிறகு பால்பாயிண்ட் பேனாவை அழுத்தி, 'உயர்திரு ஐயா அவர்களுக்கு, பணிந்து வேண்டிக்கொள்வது' என்று தொடங்குவார். அசல் மேலிடத்துக்கு. ஒரு நகல் கோப்புக்கு. இன்னொரு நகல், கோப்பு தொலைந்துபோனால் இருக்கட்டும் என்று.

எழுதி முடித்ததும் விரலில் ஒட்டிய கறுப்பைத் தலைமுடியில் துடைத்துக்கொள்வார். ஐம்பது வயதாகியும் டீச்சருக்கு நரைக்காததன் ரகசியம் அதுதான் என்பது ஆசிரியர் அறையின் கண்டுபிடிப்பு.

ராஜா அண்ணாமலைபுரத்தில், ஆற்றங்கரைக் குடிசைகளை ஒட்டி நிற்கிற பள்ளி அது. எட்டாம் வகுப்பு வரை உண்டு. அறுபத்தொன்பதாம் வருஷம் அதன் தலைமையாசிரியையாக வந்த நாளிலிருந்து யார் எது கேட்டாலும் அவர் வாயில் வருகிற பதில் ஒன்றுதான்: "எழுதிக் கேப்போம்." அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கரும்பலகைக்குக் கறுப்பு பூசவும் மேலே கேட்டாக வேண்டிய காலம். ஒரு தடவை, ஓட்டுக்கூரைமேல் சாய்ந்திருந்த பூவரசங்கிளையை வெட்ட அனுமதி கேட்டு எழுதினார். ஐப்பசிப் புயலில் கிளை தானே முறிந்து விழுந்து, ஓடு நொறுங்கி, ஓடு மாற்றக் கேட்டு இன்னொரு கடிதமும் போன பிறகு முதல் கடிதத்துக்குப் பதில் வந்தது. கிளையை வெட்டலாமாம். டீச்சர் சிரிக்கவில்லை. அதையும் கோப்பில் கோத்து வைத்தார்.

அப்படிப்பட்டவரை இந்த ஜூனில் வந்த சுற்றறிக்கை கலக்கிவிட்டது. பள்ளி தொடங்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் இனி அந்தந்த இடத்துக்குத் தக்கபடி தலைமையாசிரியரே முடிவு செய்துகொள்ளலாம் என்று அதில் இருந்தது. மூன்று தடவை படித்தார். நாலாவது தடவை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தார்.

கேட்காமலே வந்த வரம்தான். குடிசைகளுக்குத் தண்ணீர் லாரி வருவது காலை எட்டே முக்காலுக்கு. பள்ளி மணி ஒன்பதுக்கு. அப்பா அம்மா வேலைக்குப் போய்விட, குடத்தோடு வரிசையில் நிற்பது பெண் பிள்ளைகள். லாரியை விட்டால் வீட்டில் அன்றைக்குச் சோறு பொங்காது. மணியை விட்டால் வருகைப் பதிவில் 'இல்லை'. போன வருஷம் வருகை நாள் போதாமல் நாலு பெண்களின் பெயரை டீச்சரே தன் கையால் அடித்தார்.

சுற்றறிக்கை வந்த வாரமே பாஞ்சாலி வந்து நின்றாள். எட்டாம் வகுப்பு முத்தம்மாவின் அம்மா. நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவள்.

"டீச்சரம்மா, வெடிகாலைலயே நான் வேலைக்குப் போய்க்கினுகீறேன். தண்ணி யாரு புடிப்பா? லாரிக்காரன் எம் பொண்ணுக்கோசரம் நிப்பானா, நீயே சொல்லு. அவ பேர அடிச்சிடும்மா."

"ஒரு பத்து நாள் பொறு பாஞ்சாலி. எழுதிக் கேப்போம்."

கேட்டும் விட்டார். சாமியே நேரில் வந்து வரம் கொடுத்த பிறகு பூசாரியிடம் போய் நிற்கிற கதைதான்; பழக்கதோஷம். 'தாங்கள் அளித்துள்ள அதிகாரத்தைப் பயன்படுத்திக்கொள்ள அனுமதி அளிக்குமாறு வேண்டுகிறேன்.' மூன்று பிரதி.

பத்தாம் நாள் பதில் வந்தது. 'முடிவு தங்களுடையது. இது குறித்து மீண்டும் எழுத வேண்டாம்.'

இவ்வளவு சீக்கிரம் அவருக்குப் பதில் வந்ததே இல்லை. சந்தோஷப்பட வேண்டியவருக்குப் பயம் வந்தது. கணக்கு வாத்தியார் ஷாஹுல் ஹமீதைக் கூப்பிட்டு, "நாளைக்கு ஒண்ணுன்னா யார் பதில் சொல்றது சார்?" என்று கேட்டார். ஷாஹுல் ஹமீது வடபழனியிலிருந்து வந்து போகிறவர். பள்ளி விடுவது மாலையில் அரைமணி தள்ளிப்போனால் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

"இதுவரைக்கும் தப்பு மேலேருந்து வந்துச்சு. இனிமே தப்புன்னா அது நம்ம தப்பு. அவ்வளவுதானே டீச்சர்? நான் நின்னுக்கிட்டே போறேன்."

டீச்சர் அன்றைக்கே அறிவிப்பு எழுதினார். திங்கட்கிழமை முதல் பள்ளி ஒன்பதரைக்கு. கார்பன் வைக்க மறந்துபோனார், ஒரே பிரதி.

திங்களும் செவ்வாயும் புதனும் முத்தம்மா ஈரப் பாவாடையோடு பிரார்த்தனைக்கு வந்து நின்றாள். அவள் குரல் மற்றவர்களுடையதைவிடச் சற்று உரக்கவே கேட்டது. டீச்சர் கண்ணை மூடாமல் பிரார்த்தனை செய்ததைத் தான் பார்த்ததாகச் சத்துணவு ஆயா தேவானை சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

வியாழக்கிழமை லாரி வந்ததே ஒன்பதே காலுக்கு. ஒன்பதரைக்குப் பள்ளி வாசலிலிருந்து பார்த்தால், முத்தம்மாவுக்கு முன்னால் இன்னும் பதினொரு குடம். மணியடிக்கிற பியூன் கோதண்டபாணி, தொங்குகிற தண்டவாளத் துண்டின் அருகே இரும்புக்கழியோடு தயாராக நின்றார்.

"டைம் ஆயிடுச்சும்மா. அடிச்சிடட்டா? லாரி லேட்டானா இன்னா பண்றதுன்னு ஆர்டர்ல எதுனா போட்டுகீதா?"

"எழுதி..." என்று தொடங்கிய டீச்சரின் வாய் அங்கேயே நின்றது.

கையை நீட்டி, கோதண்டபாணியிடமிருந்து இரும்புக்கழியை வாங்கித் தன் அக்குளில் இடுக்கிக்கொண்டார். விரலில் ஒட்டிய துருவைத் தலைமுடியில் துடைத்தபடியே போய், வாசல் கதவை இரண்டு பக்கமும் அகலத் திறந்து வைத்துவிட்டு, லாரியைப் பார்த்து நின்றார்.