ஆட்டுக்கு வைத்த சோறு

நான் உயிரியல் டீச்சர். புதுக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனவள். பாக்டீரியா பாடம் வந்தால் போதும், எங்கிருந்தோ ஒரு தெம்பு வந்துவிடும். கரும்பலகையில் நீளமாக ஒரு கோல் வரைவேன், அதற்குள் ஓர் உருண்டை. "இதுதான் ஸ்போர். சாயம் போட்டா ஊதாவாத் தெரியுற கிராம் பாசிட்டிவ் கூட்டத்துல சிலதுக்கு மட்டும் இந்த வித்தை தெரியும். நெலைமை சரியில்லைன்னா ஓட்டுக்குள்ள சுருண்டு படுத்துக்கும். கொதிக்கிற தண்ணியில போட்டாலும் லேசுல சாகாது. மண்ணுல வருஷக்கணக்காக் கெடக்கும். நல்ல நேரம் பார்த்து எந்திரிச்சு வரும்" என்பேன். ஆணி குத்தினால் வரும் ரணஜன்னி, ஆடு மாட்டுக்கு வரும் அடைப்பான், எல்லாம் இதுகள் வேலைதான் என்று முடிக்கும்போது கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். அந்தக் கர்வம் எனக்கு ரொம்ப நாள் இருந்தது. இப்போது அந்தப் பாடம் வந்தால், படத்தைப் பார்த்து வரைந்துகொள்ளச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்கிறேன்.

திருவரங்குளம் பக்கத்தில் அப்பா விட்டுப்போன கொல்லை ஒன்று எனக்கு இருக்கிறது. கடலை போடுவோம். கடலை பிடுங்கி முடித்ததும் ராமநாதபுரம் பக்கமிருந்து கீதாரிகள் செம்மறியாடுகளை ஓட்டிக்கொண்டு வருவார்கள். பகலெல்லாம் மேய்த்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் யார் கொல்லைக்கு எரு வேண்டுமோ அங்கே வலை கட்டி ஆடுகளை அடைப்பார்கள். கிடை போடுவது என்பது இதுதான். அந்த வருஷம் ஒரு புருஷன் பெண்சாதி எண்பது ஆட்டோடு வந்திருந்தார்கள். எங்கள் ஊர்க் கொல்லைகளில் மாற்றி மாற்றிக் கிடை போட்டார்கள்.

எனக்கு லீவு. காலையில் திருக்கோகர்ணத்திலிருந்து பஸ் ஏறினால் கொல்லைக்கு வந்துவிடுவேன். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயசுக்குள்தான் இருக்கும். வாய் ஓயாது. ஆடுகளையும் என்னையும் ஒரே குரலில்தான் அதட்டுவாள். "டீச்சர், அங்கிட்டுப் போகாதீக, கெடா முட்டிப்புடும்!" என்பாள். அவளுக்கென்று பன்னிரண்டு ஆடு, கல்யாணத்தின்போது அவள் அப்பா கொடுத்தது. இடது காதில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும். மற்ற ஆடுகளைவிட அதுகள் கொழுகொழுவென்று இருந்தன. புருஷன் பார்க்காதபோது நல்ல தழையாகப் பார்த்து அதுகளுக்குத்தான் ஒடித்துப் போடுவாள். கள்ளி!

வந்த இரண்டாம் நாளே என்னிடம் ஒன்று கேட்டாள். "மாட்டாஸ்பத்திரிக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்க டீச்சர். மழைக்கு முன்னாடி துள்ளுமாரி ஊசி போட்டுறணும். நாங்க வெளியூருக்காரக, சொன்னா எடுபடாது. நீங்க சொன்னா வருவாக." ஆகட்டும் என்றேன். துள்ளுமாரி என்றால் என்ன என்று கேட்டேன். நல்லா இருந்த ஆடு திடீரென்று துள்ளும், கழுத்தைப் பின்னால் வளைத்து விழும், செத்துப்போகும். கொழுத்த ஆடாகப் பார்த்துத்தான் எடுக்குமாம். "சோறு கீறு வச்சிறக் கூடாது டீச்சர். வச்சா வந்துரும்."

நான் சும்மா இருக்கலாமில்லையா? என்னால் முடியுமா! "சோத்தால எல்லாம் வராதும்மா. அது ஒரு கிருமி. கிருமி இருந்தாத்தான் நோய் வரும்" என்று ஆரம்பித்து, மண்ணில் ஒரு குச்சியால் அந்தக் கோலையும் உருண்டையையும் வரைந்தே காட்டினேன். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். "அப்படிங்களா டீச்சர்" என்றாள். போன் மட்டும் நான் போடவில்லை. அப்போது திருக்கோகர்ணத்திலேயே புது வீடு கட்டிக் குடிபோகிற வேலை. பெயின்ட்காரர், பந்தல்காரர், சமையல்காரர் என்று நாளெல்லாம் போனைக் காதிலேயே வைத்திருந்தேன். அதில் ஒரு போன், ஒரே ஒரு போன் போட்டிருக்கலாம்.

குடிபோவதற்கு மூன்று நாள் முன்னால் அவள் புருஷனுக்கு ஊரிலிருந்து சேதி வந்தது. பெரியப்பா இறந்துவிட்டார். கேதத்துக்குக் கிளம்பியவர், கிடையை அவள் பொறுப்பில் விட்டுப் போனார். அவளுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. "முழுசா என்னைய நம்பி விட்டுட்டுப் போறது இதான் டீச்சர் மொதத் தடவ. ஒரு கொறையும் வராமப் பாத்துக்கிட்டேன்னா, வார வருசம் என் ஆட்டைத் தனியாப் பிரிச்சு விடுறேன்னு சொல்லிருக்காக. என் தங்கச்சியக் கூட்டிக்கிட்டு நானே தனிக் கிடை போடுவேன். அப்பறம் என்னையும் கீதாரின்னுதான் கூப்பிடணும், பாத்துக்கங்க" என்று தழை ஒடிக்கிற தொரட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற நிற்பை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

நான் குடிபோன அன்று கோடை மழை பிடித்துக்கொண்டது. பாதிப் பேர் வரவில்லை. ஓர் அண்டா சாம்பார் சாதம் அப்படியே நின்றது. சோறு வீணாவதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. மழை விட்டதும் அண்டாவை ஓர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கொல்லைக்குப் போனேன். அவளுக்குத் தனியாக ஒரு தூக்குவாளியில் சோறும் பாயசமும். ஆட்டோக்காரர் அண்டாவைப் பம்பு ரூமுக்குப் பின்னால் இறக்கி வைத்துவிட்டு உடனே கிளம்பிவிட்டார்.

மேய்ச்சல் முடிந்து ஆடுகள் வலைக்குள் வந்திருந்தன. கரண்ட் இல்லை, போர் மோட்டார் ஓடவில்லை. "செத்த நேரம் பாத்துக்கங்க டீச்சர், தண்ணி எடுத்துட்டு ஓடியாந்துர்றேன்" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு அவள் போனாள்.

என்னை நம்பித்தான் விட்டுப் போனாள். நான் அண்டாவைச் சாய்த்து, பம்பு ரூமை ஒட்டி வலைக்குள் இருந்த சிமெண்டுத் தொட்டியில் சோற்றைக் கொட்டினேன். அவள் வேண்டாம் என்று சொன்னது ஞாபகம் இருந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரு நாள் தின்றால் என்ன ஆகிவிடும் என்று, அம்மா பார்க்காதபோது சின்னப் பிள்ளைக்கு மிட்டாய் கொடுப்பதுபோலத்தான் கொடுத்தேன். பெரிய ஆடுகள் சின்னதுகளை முட்டித் தள்ளிவிட்டு முண்டியடித்துத் தின்றன. காது வெட்டியதுகள்தான் முன்னால். எனக்கு ஒரே சந்தோஷம். அவள் குடத்தோடு திரும்புவதற்குள் தொட்டி கழுவி வைத்த மாதிரி ஆகிவிட்டது. அண்டாவைப் பம்பு ரூமுக்குள் தள்ளிவிட்டு, தூக்குவாளியை அவள் கூடாரக் கம்பில் மாட்டினேன். ஆட்டுக்கு வைத்ததைச் சொல்லவில்லை.

காலையில் போன் வந்தது. "டீச்சர், ஆடு துள்ளுது டீச்சர், வந்துருங்க" என்று ஒரே அழுகை. நான் போய்ச் சேர்ந்தபோது ஆறு ஆடு விறைத்துக் கிடந்தது. ஒன்று என் கண் முன்னாலேயே கழுத்தை முதுகுப் பக்கம் வளைத்து, காலை உதைத்து உதைத்து அடங்கியது. ஊர்க்காரர்கள் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். அப்போதுதான் மாட்டாஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். எடுத்தவுடனே வருகிறோம் என்றார்கள். இவ்வளவு சுலபமான வேலை.

டாக்டர் சின்ன வயசுக்காரர். வந்ததும் செத்த ஆட்டின் மூக்கைப் பார்த்தார், வாலைத் தூக்கிப் பார்த்தார். ரத்தம் கசியவில்லை. "அடைப்பான் மாதிரி தெரியலை" என்றார். அடைப்பான் என்றால் ஆட்டை அறுக்கவே கூடாது, சிந்துகிற ரத்தத்திலிருந்து ஸ்போர் மண்ணில் தங்கிவிடும். எனக்குத் தெரியும். இதெல்லாம் எனக்கு ரொம்ப நன்றாகத் தெரியும்.

"மாரி ஊசி போட்டீங்களா?" என்று அவளிடம் கேட்டார். "சொல்லி வச்சிருந்தோம் சார்" என்றாள். யாரிடம் என்று சொல்லவில்லை.

"நேத்துப் புதுசா ஏதாச்சும் தின்னுச்சா?"

"இல்லீங்க சார். எப்பவும் போலத்தான். பக்கத்துக் கொல்லையில கத்தரிக்கு மருந்தடிச்சாக, அதுவான்னு தெரியலயே" என்றாள்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "உங்க கொல்லைதானே டீச்சர்? நீங்க ஏதாச்சும் பார்த்தீங்களா?"

"இல்லீங்க" என்றேன்.

பத்துப் பேர் சுற்றி நின்றார்கள். அதில் நாலு பேருடைய பிள்ளைகள் என்னிடம் படித்தவர்கள். டீச்சர் டீச்சர் என்று எழுந்து நிற்கிறவர்கள். அந்த ஒரு சொல்லுக்காக, சே, வேறு என்ன காரணம் சொல்ல! பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். டாக்டர் பூச்சிமருந்து விஷம் என்று நினைத்து அதற்கான ஊசியைப் போட ஆரம்பித்தார். ஒவ்வொரு ஊசி போடும்போதும் இப்போது சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று உள்ளே அடித்துக்கொண்டது. அதற்குள் இன்னும் ஐந்து விழுந்தது. இரண்டு மணி நேரம் அப்படியே போனது.

கேதத்துக்குப் போன புருஷன் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடிவந்தபோது, டாக்டர் வேப்பமரத்தடியில் ஓர் ஆட்டை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இரைப்பையைக் கீறினார். உள்ளே சோறு. கடுகும் கறிவேப்பிலையுமாக, என் வீட்டுச் சாம்பார் சாதம்.

"யாரும்மா ஆட்டுக்குச் சோறு வச்சது?"

அவள் கூடாரக் கம்பில் தொங்கிய தூக்குவாளியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

"நான்தான் சார்" என்றாள்.

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆட்டுக்காரங்களுக்கு இதுகூடத் தெரியாதா? இந்தக் கிருமி ஆட்டுக் குடல்ல எப்பவும் கொஞ்சம் இருக்கும், அதுபாட்டுக்குக் கெடக்கும். இப்படிச் சோறு உள்ள போனாத்தான் பெருகி விஷத்தைக் கக்கும். காலையிலேயே சொல்லியிருந்தா சோடா உப்பு கரைச்சு ஊத்தியாச்சும் சிலதைத் தேத்தப் பார்த்திருக்கலாமே!" கிளாஸ்ட்ரிடியம் என்று பேரையும் சொன்னார். எத்தனை முறை நான் போர்டில் எழுதிய பேர்! சோற்றால்தான் வரும் என்று எனக்குச் சொன்னவளுக்கு, சோற்றால் வரும் என்று அவர் பாடம் எடுத்தார். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள்.

புருஷன் அடிக்கவில்லை. "பொம்பளைய நம்பி விட்டேன் பாரு, என்னையச் செருப்பால அடிக்கணும்" என்றார், அவ்வளவுதான். அடித்திருந்தால்கூட நான் குறுக்கே விழுந்து உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ.

சாயங்காலத்துக்குள் பதினேழு ஆடு போய்விட்டது. அதில் ஒன்பது அவளுடையது. கறி கிடைக்குமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். டாக்டர் சத்தம் போட்டு விரட்டிவிட்டு, என் கொல்லை மூலையில் ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வைத்தார்.

அவர்கள் வலையைச் சுருட்டும்போது நான் அவளருகில் போனேன். "ஏம்மா அப்படிச் சொன்னே?" என்று கேட்டேன். அவள் தூக்குவாளியைக் கழுவித் துடைத்து என் கையில் கொடுத்தாள்.

"குடிபோன வீட்டுச் சோறு டீச்சர். நல்ல காரியத்துல குடுத்த சோறு. நாலு பேரு முன்னாடி ஒங்கள எப்படிக் காட்டிக் குடுக்குறது?" என்றாள். கம்பைப் பிடுங்கப் போனவள் திரும்பி, "நீங்களே சொல்லுவீகன்னுதான் மொதல்ல பாத்தேன்" என்றாள்.

அவர்கள் ஊருக்குப் போய்ச் சொல்லிவிடலாம், கடுதாசி போடலாம், போன் பண்ணலாம் என்று ஒரு வருஷம் ஓடியது. அவள் நம்பர் என் போனிலேயே இருந்தது. இரண்டு தடவை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தேன். மூன்றாம் தடவை அடித்தபோது அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்றது.

அடுத்த கோடையில் கிடை வந்தது. அவள் புருஷனும் அவர் தம்பியும் மட்டும் வந்திருந்தார்கள். அவள் எங்கே என்று கேட்டேன்.

"ஊர்ல இருக்கா டீச்சர். அவளுக்குக் கிடையெல்லாம் சரிப்படாது. வீட்டப் பாத்துக்கிட்டுக் கெடக்கட்டும்."

"அவ ஆடு?"

"மிச்சம் மூணுதான? மந்தையோட சேத்தாச்சு."

ஒரு போன் நம்பராவது கொடுங்கள் என்றேன். "வீட்ல இருக்குறவளுக்குப் போனு எதுக்கு டீச்சர்" என்றார்.

அன்றைக்குச் சொல்லியேவிட்டேன். "நான்தான் சோறு வச்சேன். அவ இல்ல. அவ தண்ணிக்குப் போயிருந்தா. நான்தான் அண்டாவோட கொட்டினேன்" என்றேன்.

அவர் கையிலிருந்த வலையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டினால் நல்லது என்று நின்றேன். அவர் முகம் இளகிவிட்டது.

"அவ மேல ஒங்களுக்குப் பாசம், அது எனக்குத் தெரியும் டீச்சர். அதுக்காகப் பழிய எடுத்து ஒங்க தலையில போட்டுக்குவீகளா?"

"பாசத்துல சொல்லல. சத்தியமா நான்தான்."

அவர் சிரித்துக்கொண்டே வலையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"விடுங்க டீச்சர். கிருமியப் பத்திப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துறவுக நீங்க. நீங்க போயி ஆட்டுக்குச் சோறு வைப்பீகளா?"