ஸ்கோப்பைப் பற்றி டீக்கடையில் விசாரிப்பதில்லை

"ரெட் டாட் வாங்கிவிட்டாயா?" என்று பக்கத்து வீட்டு டேல் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டபோது, கொஞ்சம் கூச்சத்தோடு ஆமாம் என்றேன். முந்தின நாள்தான் ஆயுத பூஜை. ஆஸ்டினுக்கு வடக்கே இந்தப் புறநகரில் பதினோரு வருஷமாக லேப்டாப்புக்கும் காருக்கும் மிக்ஸிக்கும் பொட்டு வைத்துவந்த எங்கள் வீட்டுக்கு, முதல்முறையாக ஆயுதம் என்று மனசாட்சியோடு சொல்லத்தக்க ஒரு பொருள் வந்திருந்தது. என் மனைவி கவிதா விடுவாளா? "ஏனுங்க, இதுக்கும் வெச்சுட்டனுங்க" என்று வேட்டைத் துப்பாக்கியின் கட்டையில் சந்தனம் பூசி, நடுவில் குங்குமம் வைத்துவிட்டாள். "என் மனைவிதான் வைத்தாள்" என்று டேலிடம் பெருமையாகச் சொன்னேன். "ஸ்மார்ட் லேடி" என்று அவர் மரியாதையாகத் தலையாட்டினார். ரெட் டாட் என்பது சிவப்புப் புள்ளி காட்டிக் குறிபார்க்க உதவும் ஒரு கருவி என்று எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

டேல் எழுபது வயது டெக்ஸஸ்காரர். லானோ பக்கம் மான் வேட்டைக்கென்று ஒரு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். ஒவ்வொரு நவம்பரிலும் என்னைக் கூப்பிடுவார், ஒவ்வொரு நவம்பரிலும் எனக்கு ஏதாவது ஒரு வேலை வந்துவிடும். இந்த வருஷம் சாக்குகள் தீர்ந்துபோயின. வகுப்புக்குப் போய் லைசென்ஸ் எடுத்தேன், துப்பாக்கியும் வாங்கினேன். வீட்டில் தடை சொன்னது என் பத்து வயது மகள் யாழினி மட்டும்தான். சனிக்கிழமை தவறாமல் சிக்கன் பிரியாணி சாப்பிடுகிறவள், மான் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ப்ராமிஸ் மீ இட் வோன்ட் ஹர்ட்" என்றாள். "ஒரே வெடிதான் கண்ணு. அதுக்குத் தெரியவே தெரியாது" என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். செய்துவிட்டு அன்று முழுக்கப் பயந்தேன். குறி தப்பினால்கூடப் பரவாயில்லை. பாதி தப்பி, காயத்தோடு அது முள்ளுக்காட்டுக்குள் ஓடிவிட்டால் என் பிள்ளையின் முகத்தில் எப்படி விழிப்பது?

அந்தப் பயத்தில்தான் துப்பாக்கியின் மேல் பொருத்த ஒரு நல்ல ஸ்கோப் வாங்கப் போனேன். தூரத்தில் இருப்பதைக் கிட்டக் காட்டும் சின்னத் தொலைநோக்கி அது, நடுவே சிலுவைக்கோடு இருக்கும். கடைக்காரப் பையன் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக் கொடுத்தான். எதிர்ச்சுவரில் பாடம் செய்து மாட்டியிருந்த மான்தலையைப் பார்க்கச் சொன்னான். ஒன்றில் மூக்கு தெரிந்தது, இன்னொன்றில் மீசைமயிர் தெரிந்தது. கடைசியாக வந்ததில் கண்ணிமை முடிகளை எண்ணலாம் போலிருந்தது. அதையே கட்டித் தரச் சொன்னேன். இங்கே ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். நான் பிழைப்பு நடத்துவதே பொருள்களை உடைத்துத்தான். எங்கள் கம்பெனி செய்யும் கருவிகளைக் கீழே போட்டு, குலுக்கி, அடுப்பில் வாட்டி, எத்தனை நாள் தாங்கும் என்று பார்த்துச் சொல்வது என் உத்தியோகம். அப்படிப்பட்ட நான், கீழே விழுந்தால் இது என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊருக்குத்தான் உபதேசம்.

ஏன் கேட்கவில்லை என்று பிறகு நிறைய யோசித்தேன், டேலின் வேட்டைக் கூட்டாளிகளிடமும் விசாரித்தேன். முக்கால்வாசிப் பேர் என் கேஸ்தான். வெளிச்சமும் உருப்பெருக்கமும் கடையிலேயே கண்ணுக்குத் தெரிந்துவிடுகின்றன, பெட்டிமேல் எண்ணாகவும் அச்சாகியிருக்கின்றன. எத்தனை நாள் உழைக்கும் என்பது கடையில் தெரியாது. இணையத்தில் ஐந்து நட்சத்திரம் போடுகிறவர் பொருள் வந்த அன்றே, சோபாவில் உட்கார்ந்து போடுகிறார். போதாததற்கு, வேட்டைக்காரன் வருஷத்துக்குச் சுடுவதே நாலைந்து குண்டு. அதில் ஒன்று தவறினால் பழிபோட ஆளா இல்லை? காற்று அடித்தது, கை நடுங்கியது, மான் நகர்ந்துவிட்டது என்பார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பாள். இங்கே நிஜமாகவே கூடம் கோணலாக இருக்கும்போதுகூட யாரும் அதைச் சந்தேகப்படுவதில்லை.

எங்கள் கல்யாணப் பேச்சு நினைவுக்கு வந்தது. அப்போது நான் சென்னையில் தரமணியில் வேலையில் இருந்தேன். பெண்வீட்டார் என் போட்டோவை ஒருமுறை பார்த்ததோடு சரி, அதை வைத்து முடிவு செய்யவில்லையாம். கவிதாவின் மாமா ஈரோட்டிலிருந்து ராத்திரி பஸ் ஏறி வந்து, என் ஆபீஸ் எதிரே டீக்கடையில் ரெண்டு நாள் உட்கார்ந்திருக்கிறார். பையன் குடிப்பானா, கடன் சொல்வானா, கோபம் வந்தால் என்ன பேசுவான் என்று டீ மாஸ்டரிடம் கேட்டிருக்கிறார். வாட்ச்மேனையும் விடவில்லை. "மூஞ்சி என்னங்க மூஞ்சி, நாலு வருசம் போனாப் பழகிப்போயிரும். ஆளு நிப்பானான்னு பாக்கோணும்" என்றாராம். அன்று எனக்கு அவர்மேல் எரிச்சலாக வந்தது. இப்போது அவரை எங்கள் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவுக்கே தலைவராகப் போடலாம் என்று தோன்றுகிறது.

லானோவுக்குப் போகும் முன் ஆஸ்டினில் ஒரு சுடுகளத்தில் பயிற்சி எடுத்தேன். மூன்று குண்டும் அட்டையின் நடுவில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு விழுந்தன. கவலை விட்டது என்று டேலின் ட்ரக்கில் ஏறினேன். கடைசி ஆறு மைல் மண்பாதை, முதுகெலும்பைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டது. போனதும் மானைத் தேடாமல், டேல் மறுபடி அட்டையை நட்டார். நான் சுட்டேன். அவர் நடந்து போய்ப் பார்த்துவிட்டு அங்கிருந்தே கத்தினார்: "இட் லாஸ்ட் ஸீரோ!"

"தேங்க் காட்!" என்று நானும் கத்தினேன்.

அவர் இடுப்பில் கைவைத்து என்னையே பார்த்தார். எங்கள் ஆபீஸில் நூறு கருவிகளைக் கீழே போட்டு ஒன்றும் கெடவில்லை என்றால் 'லாஸ்ட்: ஸீரோ' என்று எழுதி கேக் வெட்டுவோம். துப்பாக்கிக்காரர்கள் பாஷையில் ஸீரோ என்பது வேறு. சிலுவைக்கோடு காட்டும் இடமும் குண்டு போய் விழும் இடமும் ஒன்றாக இருப்பதற்குத்தான் அந்தப் பெயர். அதைத்தான் என் ஸ்கோப் மண்பாதையில் தொலைத்திருந்தது. குண்டு ஒரு சாண் இடதுபுறம் தள்ளி விழுந்திருந்தது. திருகுகளை இறுக்கி, திருத்தி, மேலும் மூன்று சுட்டேன். மூன்றும் மூன்று திசையில் போயின. மானின் மார்பை மனதில் வைத்து அந்த ஒரு சாணை அளந்து பார்த்தேன். வயிற்றில் போய் நின்றது.

"நான் வரலை டேல். என் பொண்ணுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்" என்றேன்.

டேல் தன் துப்பாக்கியை எடுத்துக் கொடுத்தார். அதன் ஸ்கோப்பில் கறுப்புப் பெயின்ட் உதிர்ந்து, கம்பெனி பெயரே அழிந்திருந்தது. அதன் வழியே பார்த்தால் இமையாவது முடியாவது, மான் மானாகத் தெரிந்தால் பெரிது. ட்ரக்கிலிருந்து இரண்டு தடவை விழுந்திருக்கிறதாம். அட்டையில் இரண்டு குண்டு சுட்டேன். இரண்டும் நடுவில், பக்கம் பக்கமாக விழுந்தன. "போரிங், ஹ?" என்று சிரித்தார்.

சாயங்காலம் ஒரு மான் ஓக் மரங்களுக்கு இடையிலிருந்து வந்து, பக்கவாட்டில் திரும்பி நின்றது. மூச்சை அடக்கிச் சுட்டேன். நின்ற இடத்திலேயே மடிந்தது. ஒரு எட்டு எடுத்து வைக்கவில்லை. எனக்கு உயிர் வந்தது, அப்படி நினைத்ததற்கு வெட்கமாகவும் இருந்தது. கிட்டே போனபோது என் பூட்ஸ் அதன் முன்னங்காலில் பட்டுவிட்டது. புத்தகத்தின்மேல், ஆள்மேல் கால் பட்டால் செய்வதைக் கை தானாகச் செய்தது. குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். உடம்பு இன்னும் சூடாகவே இருந்தது. நான் கண்ணைத் துடைக்கிறேன் என்று நினைத்த டேல் தொப்பியைக் கழற்றிவிட்டு, என் தோளில் கைவைத்தார். "இட்ஸ் ஓகே. முதல் மானுக்கு நானும் அழுதேன்." இது அழுகை இல்லை, எங்கள் வழக்கம் என்று விளக்க வாயெடுத்தேன். அதற்குள் கண் நிஜமாகவே நிறைந்துவிட்டது.

திரும்பும் வழியில் சிக்னல் கிடைத்ததும் யாழினியைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டேன்.

"டிட் இட் ஹர்ட்?"

"இல்ல கண்ணு. ஒரு எட்டுகூட வெக்கல."

"டிட் யூ க்ரை?"

"யெஸ், ஹி டிட்" என்று டேலும், "இல்ல கண்ணு, கால் பட்டுருச்சு, தொட்டுக் கும்பிட்டேன்" என்று நானும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

"ஸோ... போத்?" என்றாள் யாழினி.